பெரிய வெள்ளியில் ஊதியவன்

பக்கத்து வீட்டுப் பூரா அம்மாள் காய்ச்சும் பாயசத்தில் எப்போதும் கிராம்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்க மாட்டார். தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சிவப்புப் பயறை வேகவைத்து அரைத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்துப் பாயசம் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்குக் கிண்ணம் கிண்ணமாக அனுப்புவார்கள். பூரா அம்மாள் வீட்டுக் கிண்ணத்தின் துணியை விலக்கினால் என் மருத்துவமனை வாசனைதான் வரும். நான் பல் வைத்தியன், நாள் முழுக்கக் கிராம்பு எண்ணெயில் கை வைக்கிறவன். பண்டிகைக்கும் அதே வாசனை என்றால் மனிதனுக்கு அலுக்காதா?

அந்தக் கிண்ணம் இப்போது உங்கள் மேசைமேல் சீட்டு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நீல விளிம்பு போட்டது. வேலை முடிந்ததும் மறக்காமல் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அம்மா. ஆறு கிண்ண செட்டில் ஒன்று. ஒன்று குறைந்தாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரும், யாராவது குறுக்கே பேசினால்தான் குழம்பும். முதலில் ஒரு திருத்தம். எவாரிஸ்தோ பொலாங்கோமேல் எனக்கு நெடுநாள் வெறுப்பு என்று உங்கள் ஆள் எழுதி வைத்திருக்கிறார். யாரைக் கேட்டு எழுதினார்? அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வாரோவை, நாங்கள் அவனைக் கூப்பிடுவது அப்படித்தான், நேசித்த அளவுக்கு நான் வேறு யாரையும் நேசித்ததில்லை. என் மனைவி உயிரோடு இருந்தபோது அவளே இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்களுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது இரண்டு பேரும் நசாரியோவின் மெரேங்கே ஆட்டப்பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்தோம். சந்தியாகோ நகரத்துக்கு வெளியே, ஆற்றுப் பக்கம், சேவல் சண்டைக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசிப்பு. நசாரியோ முன்னால் அக்கார்டியனோடு உட்காருவார். ஒரு பக்கம் தம்போரா மேளம், மறுபக்கம் குய்ரா என்கிற தகரக் குழாயைக் கம்பியால் சுரண்டுகிறவன். மற்ற கோஷ்டிகளில் ஒரு சாக்ஸபோன்தான் இருக்கும். நசாரியோ வீம்புக்கு இரண்டு வைத்திருந்தார். மேல்குரல் வாரோ, கீழ்க்குரல் நான்.

மெரேங்கேயில் ஹலேயோ என்று ஒரு கட்டம் வரும். பாட்டு முடிந்து, சாக்ஸபோன் ஒரே சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வேகமாகச் சுழற்றும். ஆடுகிறவர்களின் முழங்கால் அப்போதுதான் இளகும். அந்தத் துணுக்கை வாரோ மேலே ஊத, நான் இரண்டு படி கீழே அதே வேகத்தில் கூடவே போவேன். கீழ்க்குரல் ஊதுகிறவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவன் நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. மேடையில் யாராவது ஒருவர் இரண்டாவதாக நின்றுதானே ஆக வேண்டும்.

வாரோவுக்கு நியூயார்க்கில் ஒரு சித்தப்பா இருந்தார். அவர் கேசட்டுகள் அனுப்புவார், எல்லாம் ஜாஸ். வாரோ அதைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டான். அப்புறம் ஒரு ஞாயிறு, ஹலேயோவின் நாலாவது சுற்றில், சொல்லாமல் கொள்ளாமல் பாதையை விட்டு இறங்கிப் போய்விட்டான். துணுக்கின் வாலைப் பிடித்து இழுத்தான், தலைகீழாகத் திருப்பினான், நடுவில் நிறுத்தி மூச்சு விட்டான், தாளத்துக்குப் பின்னால் தங்கி மெதுவாக வந்து சேர்ந்தான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"டேய் வாரோ, சாக்ஸுக்கு விக்கல் எடுத்திருச்சாடா? தண்ணி குடுங்கடா அதுக்கு" என்று சேவலைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது.

நசாரியோ அக்கார்டியனை மடியில் இறக்கிவிட்டுத் திரும்பினார். "ஏண்டா, சேவல் சண்டை பாக்க வந்தவனுக்கு எதுக்குடா அமெரிக்கச் சங்கதி? ஜனங்க கால் எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்குது பாரு."

"தம்போரா அப்படியேதான இருக்கு மாமா? காலை அது பாத்துக்கும். நான் தலையை மட்டும் கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பிப் பாக்கறேன், அவ்வளவுதான்" என்றான் வாரோ. அவனுக்குக் கோபமே வராது. வாய் நிறையச் சிரிப்பான், முன்பல் இரண்டும் அகலமாக, வெள்ளையாக, சின்ன இடைவெளியோடு தெரியும்.

அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் என் வரியை ஊதிக்கொண்டேதான் நின்றேன். மேலே யாரும் இல்லாத கீழ்க்குரல். அன்று கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

விக்கல் என்று கத்தியவனே அடுத்த வருடம் மனைவி மக்களோடு வாரோவைக் கேட்கவென்று வந்தான். ஜனங்கள் அப்படித்தான். வாரோ நசாரியோவை விட்டுத் தனிக் கோஷ்டி வைத்தான். பியானோ, தம்போரா, குய்ரா, ஒரே ஒரு சாக்ஸபோன். கால் எங்கள் சிபாவோ வட்டாரத்து மண்ணில், தலை எங்கேயோ என்று தலைநகரத்துப் பத்திரிகைகள் எழுதின. என்னையும் கூப்பிட்டான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நீயும் வாடா லியோன்சியோ."

"அங்க எனக்கு என்ன வேலை? என் வரி எங்க இருக்கு?"

"வரியெல்லாம் எதுக்கு? உன் இஷ்டத்துக்கு ஊது."

இஷ்டத்துக்கு ஊதுவது எனக்குத் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு புள்ளி பிசகாமல் ஊதுவேன். நான் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பல் வைத்தியம் படிக்கப் போனேன். அதனால் எங்கள் நட்பு குறைந்துவிடவில்லை. அவனுக்கு மகள் பிறந்ததும் நான்தான் ஞானத்தகப்பன் என்று ஒற்றைக்காலில் நின்றான். யூதெல்கா என்று பெயர். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாய் என்று கூப்பிட ஆரம்பித்தோம். பிள்ளைக்குத் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஆனவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் உறவுமுறை. உடன்பிறந்தவனிடம் கூடச் சண்டை போடலாம், கொம்பாயிடம் போடக்கூடாது. அவனும் கடைசிவரை போட்டதில்லை.

நீங்கள் தலைநகரத்திலிருந்து வந்தவர், எங்கள் ஊர் ஊதுகிறவர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் பல் வைத்தியத்தை எல்லாம் புனித வாரத்துக்கென்று ஒத்திவைப்பார்கள். வியாழன் காலையிலிருந்து சனிக்கிழமை கோயில் மணி அடிக்கும்வரை எவனும் வாத்தியத்தைத் தொட மாட்டான். மேளம் கிடையாது, அக்கார்டியன் கிடையாது, ரேடியோவைக்கூடக் கோயில் பாட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள். வீங்கின ஈறு வற்றுவதற்கு அது தோதான நாட்கள். சுற்றுவட்டாரத்துச் சாக்ஸபோன்காரர்கள், டிராம்போன்காரர்கள் எல்லாரும் அந்த வாரம் என் வாசலில்தான் வந்து உட்காருவார்கள். ஊதுகிறவன் வாயை ஊதத் தெரிந்த வைத்தியன்தான் தொட வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

வாரோவுக்கு முப்பத்தெட்டு வயதான வருடம், புனித வியாழனன்று காலையில் வந்தான். ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை அவனுக்கு விமானம். நியூயார்க்கில் ஒரு ஜாஸ் மேடையில் பத்து நாள், அதற்குப்பின் இசைத்தட்டுப் பதிவு, அதற்குப்பின் ஐரோப்பா என்று பேச்சு. அந்த இசைத்தட்டுதான் அவன் ஆயுசுக்கும் ஆசைப்பட்டது. பச்சைத் தண்ணீர் குடித்தால் மேல் முன்பல்லில் லேசாகக் கூசுகிறது, போவதற்குமுன் பார்த்துவிடு என்றான். எக்ஸ்ரே எடுத்தேன். குண்டூசித் தலையளவு ஒரு சொத்தை. அடைத்துவிட்டால் கால் மணி நேர வேலை.

நான் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தேன். பக்கத்து அறையில் கோழி எலும்பு கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட ஒருவர் முனகிக்கொண்டிருந்தார்.

"வேர் அழுகிருச்சு கொம்பாய்" என்றேன். "விட்டா தாடைக்குப் போயிரும்."

"எது, கூசுற பல்லா?"

"ரெண்டும்."

"செவ்வாக்கிழமை எனக்கு ஃப்ளைட் இருக்கேடா."

"தெரியும். அதான் சொல்றேன். அங்க போய் வீங்கினா யார் பாப்பா?"

"சரி. நீ சொன்னா சரிதான்" என்று சொல்லி அவனாகவே வாயைத் திறந்தான்.

அழுகிய பல் சுலபமாக வந்துவிடும். அந்த இரண்டும் வரவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று, என் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் படுத்திருந்தான்.

உடனே முகம் சுளிக்காதீர்கள், அம்மா. முழுவதும் கேளுங்கள். நியூயார்க் போனவர்கள் எத்தனை பேர் நம் ஊருக்கு மனிதர்களாகத் திரும்பி வந்திருக்கிறார்கள்? குளிரிலும் குடியிலும் போனவர்களை நானே எண்ணிச் சொல்வேன். வாரோ வெகுளி, யார் கூப்பிட்டாலும் கூடப் போவான். அவனுக்கு ஒரு காவல் தேவைப்பட்டது. நான் செய்ததை வைத்தியம் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாக்ஸபோன் ஊதும்போது கீழ் உதடு சீவாளியைத் தாங்கும், மேல் முன்பல் இரண்டும் ஊதுவாயின்மேல் அழுந்தி நிற்கும். வாரோவின் ஊதுவாயில், இருபது வருடம் கடித்த இடத்தில் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. என் விரல் நகம் போய் உட்காரும். அந்தப் பல் போனதும் நான் அவனுக்குப் பல்செட் செய்து கொடுத்தேன். சாப்பிடலாம், பேசலாம், சிரிக்கலாம், பார்க்க லட்சணமாக இருந்தது. ஊதினால் மட்டும் பற்கள் அந்தக் குழிகளில் உட்காராது. அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். காற்று ஓரத்தில் கசியும், சுருதி நடுங்கும், வேகமான இடத்தில் உதடு பின்தங்கிவிடும்.

நியூயார்க்குக்கு வேறொருவன் போனான்.

ஆனால் உதடு பொல்லாதது. பத்து மாதம் பழகினால் எந்தப் பல்லோடும் சமாதானமாகிவிடும். அடுத்த பிப்ரவரியில் அவன் வீட்டைத் தாண்டிப் போனபோது கேட்டேன், நாதம் கிட்டத்தட்டத் திரும்பியிருந்தது. மார்ச்சில் இன்னும் தெளிந்தது. அப்புறம் புனித வாரம் வந்தது. "பல்செட் தளர்ந்திருக்கும், வா, சரிபண்ணித் தர்றேன்" என்றேன். வந்தான். அச்செடுத்து, புதிதாகச் செய்து கொடுத்தேன். இந்தத் தடவை அரை மில்லிமீட்டர் மறுபக்கம்.

இப்படி ஆறு வருடம். ஒவ்வொரு வருடமும் புதுப் பல்செட்டை மாட்டியபின் அச்செடுத்த சுண்ணாம்பு மாதிரியை வருடம் குறித்து அலமாரியில் வைத்தேன். எல்லா நோயாளிக்கும் அப்படித்தான் வைப்பேன். ஒழுங்கு இல்லாத வைத்தியனை எனக்குப் பிடிக்காது.

அவன் ஒருநாளும் பல்செட்டைக் குறை சொன்னதில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டான். கோஷ்டி ஒவ்வொருவராகக் கலைந்தது. பியானோக்காரன் ஹோட்டலுக்குப் போய்விட்டான். வாரோ கோயிலில் குய்ரா சுரண்டினான், கல்யாண வீடுகளில் மேளம் தூக்கினான். நாற்பத்திரண்டில் இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னார். அதற்கான மாத்திரையை நான்தான் ஞாபகப்படுத்துவேன். மத்தியானங்களில் என் நாற்காலியில் வந்து சாய்ந்துகொள்வான்.

"என்கிட்ட இருந்தது போயிருச்சு கொம்பாய். எங்க போச்சுன்னே தெரியல. கையில இருக்கு, காதுல இருக்கு, வாய்க்கு வர மாட்டேங்குது" என்று அழுவான். பெரிய ஆள், கைக்குட்டையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு அழுவான்.

"வயசாகுதுல்ல. நமக்கெல்லாம் போதும், விடு" என்று முதுகைத் தடவிக் கொடுப்பேன். காபி போட்டுத் தருவேன். பழைய கதை பேசுவோம், நசாரியோவைப் போல் பேசிக் காட்டுவான், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். மறைக்காமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்தது அந்த மத்தியானங்களில்தான். ஒருநாள் என் பழைய சாக்ஸபோனை எடுக்கச் சொன்னான். அவனுக்கு மேலே எட்டவில்லை. அதனால் அவன் கீழ்க்குரல் எடுத்துக்கொண்டான், நான் மேல்குரல் ஊதினேன். நன்றாக இருக்கிறது என்று அவனே சொன்னான்.

யூதெல்கா பல் வைத்தியம் படிக்கப் போனதும் என்னால்தான். என் புத்தகங்களை எல்லாம் அவளுக்குக் கொடுத்தேன். கெட்டிக்காரி, கை நடுங்காது. மூன்றாம் வருடப் படிப்பில் இருந்தபோது, எனக்குத் தெரியாமல் தகப்பனைத் தன் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஊதுவாயையும் கொண்டுவரச் சொல்லி, அந்தக் குழிகளை அளந்து புதுப் பல்செட் செய்து கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் வாரோ இதை என்னிடம் மூச்சு விடவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று.

போன பெரிய வெள்ளியன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு, முன்னறையில் மருத்துவமனை வைத்திருக்கும் என் வீட்டுக் கதவைத் தட்டினான். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் கோயிலுக்குப் போகும் நேரம். தோளில் சாக்ஸபோன் பெட்டி.

"இன்னைக்கு என்னடா இதைத் தூக்கிட்டு வந்திருக்க?"

"உள்ள விடு, சொல்றேன். ஜன்னலைச் சாத்து."

உள்ளே வந்ததும் குழந்தை மாதிரி வாயைப் பிளந்து காட்டினான். புதுப் பல்செட். நான் எதுவும் சொல்வதற்குமுன் அவனே கையைப் பிடித்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காத கொம்பாய். பொண்ணு இழுத்துட்டுப் போயிட்டா. அந்த வாத்தியார் நீ செஞ்ச செட்டைப் பாத்துட்டு, இதைச் செஞ்சவன் செருப்புத் தைக்கிறவனா, இல்ல உனக்கு ஆகாதவனான்னு கேட்டாரு. எனக்கு வந்துச்சே கோபம். அவன் என் கொம்பாய், வாயை அளந்து பேசுங்கன்னு சொல்லிட்டேன்."

இந்த ஒரு தடவைதான் அவனுக்குக் கோபம் வந்ததாக நான் கேள்விப்பட்டது.

"உனக்குத்தான் முதல்ல காட்டணும்னு மூணு மாசமா ஆத்தங்கரையில தனியாவே பழகினேன், யாருக்கும் ஊதிக் காட்டல. நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியல. ஆண்டவர் மன்னிப்பாரு. சன்னமா ஊதறேன்" என்று சொல்லிச் சீவாளியை நாக்கில் நனைத்துப் பொருத்தினான்.

பதினோரு நிமிடம் ஊதினான். சுவரில் கடிகாரம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் நசாரியோவின் பழைய ஹலேயோ, கொட்டகையில் ஊதியதே. அப்புறம் அதைத் திறந்துகொண்டு போனான். சன்னமாக ஆரம்பித்தவன் தன்னை மறந்துவிட்டான். முடித்துவிட்டு மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தான். கன்னமெல்லாம் கண்ணீர், சிரிப்பு. புதுப் பல்செட் வந்ததும் எழுதிப் போட்டானாம், நியூயார்க்கிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். அந்த இசைத்தட்டுதான். ஜூன் மாதம்.

"இந்தப் பக்கம் ஈறுல சின்னதா புண்ணு மாதிரி இருக்கு. இத மட்டும் பாத்துரு, அந்த வாத்தியாருக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டான். எப்போதும் என் நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வான்.

மரத்துப்போக ஒரு ஊசி போடுகிறேன் என்றேன். அவன் இதயத்துக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியும். என்ன மருந்து என்பதை, உடலைத் தோண்டியெடுத்துப் பார்த்து உங்கள் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார், நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம்தான். கையைப் பிடித்துக்கொண்டேன், அவனும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஏன் என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். அந்தப் பேராசிரியர் சொன்னது இன்றில்லாவிட்டால் நாளை அவனுக்கு உறைத்திருக்கும். ஆறு வருடமும் நான்தான் என்று தெரிந்தால் அவன் நெஞ்சு தாங்குமா? தெரியாமல், சந்தோஷமாக, என் கையைப் பிடித்தபடி போனான். எத்தனை பேருக்கு அப்படிச் சாவு வாய்க்கிறது?

சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான், பேசக்கூட முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்ததுமே போய்விட்டான் என்று எல்லாரிடமும் சொன்னேன். பலவீனமான இதயம் என்று ஊருக்கே தெரியும். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சனிக்கிழமை அடக்கம். சவப்பெட்டிக்கு முன்வலப்பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன்.

என் தப்பு எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. வருடத்தில் வேறு எந்த நாளாக இருந்தாலும் எங்கள் தெருவில் ஒரு சாக்ஸபோன் சத்தத்தை எவன் கவனிப்பான்? நாலு வீட்டு ரேடியோ, கோழி, மோட்டார் சைக்கிள், எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். பெரிய வெள்ளியில் ஒரு கரண்டி விழுந்தால் தெருமுனைவரை கேட்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், சாக்ஸபோனை ஒளித்தேன், சத்தத்தை மறந்துவிட்டேன்.

பூரா அம்மாள் அப்போது பாயசக் கிண்ணத்தோடு என் வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே ஊதும் சத்தம் கேட்டதும் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடிவிட்டார். துஷ்டி வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் நடக்குமல்லவா, அதில் நாலாம் நாள் எல்லார் முன்னாலும் வாயை விட்டார்.

"செத்தவனைப் பத்திச் சொல்லக்கூடாது, ஆனா பெரிய வெள்ளியில அப்படி ஊதினா ஆண்டவர் சும்மா விடுவாரா? ஆண்டவர் உயிர் விட்ட மூணு மணி நெருங்கறப்போ என்னமா ஊதுறான்! பாவம்னு தெரிஞ்சும் எனக்கு நின்னு கேக்கணும்னு இருந்துச்சு. அப்படி ஊதினான்."

யூதெல்கா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

மறுநாள் காலையில் நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் மருத்துவமனையைத் திறந்திருக்கிறாள். அவளிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு, நான்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் மேசைமேல் ஆறு சுண்ணாம்பு மாதிரிகளும் வருடவாரியாக நின்றன. பக்கத்தில் ஊதுவாய். அவள் கையில் அளவுகோல்.

"ஞானப்பா, இது தப்பா வந்ததா, இல்ல நீங்க வச்சதா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "ஒரு வருஷம் இடது, ஒரு வருஷம் வலது. ஒரே அளவு. தப்பு இவ்வளவு ஒழுங்கா வராது."

நான் சொல்லிக் கொடுத்ததைவிடச் சுத்தமாக அளந்திருந்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை, அளவுகோலை வாங்கி மேசையில் வைத்தேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மூணு மாசமா வீட்டுல யாருக்கும் ஊதிக் காட்டல. உங்களுக்குத்தான் முதல்லன்னு சொல்லிட்டே இருந்தாரு. நீங்க மட்டும்தான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கீங்க. எப்படி ஊதினாரு? அப்பாவுக்குத் திரும்பி வந்துச்சா?"

யோசித்தேன். யோசித்துவிட்டு, "சுமாராத்தான் இருந்துச்சு" என்றேன்.

அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே உங்களிடம் வந்தாள்.

அது பொய், அம்மா. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படி ஒரு ஊதலை நான் என் ஆயுளில் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் மாட்டேன். ஹலேயோ வந்ததும் என் கை தானாக விசைகளைத் தேடியது. நான் கீழ்க்குரலோடு நுழையும் இடம் எனக்கு இருபத்தைந்து வருடம் கழித்தும் தெரியும், மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. வாரோ மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம் என்று மாறி மாறித் தாவி, இரண்டு வரியையும் ஒரே சாக்ஸபோனில் ஊதிவிட்டான். என்னுடையதையும் சேர்த்து. முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா கொம்பாய், உன் வரியையும் விடல. நியூயார்க்குக்கு உன்னையும் கூடவே கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. அப்புறம்தான் ஊசி மருந்து இருக்கும் இழுப்பறையைத் திறந்தேன்.

அவ்வளவுதான். பல் இரண்டையும் நான்தான் பிடுங்கினேன், அவை நல்ல பற்கள். ஆறு பல்செட்டையும் வேண்டுமென்றே கெடுத்துச் செய்தேன். ஊசியும் நான் போட்டதுதான். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எதையும் மாற்ற வேண்டாம். முதல் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். என் பெயருக்குக் கீழே, லியோன்சியோ அல்மன்சார், பல் வைத்தியர், நசாரியோ கோஷ்டியின் முன்னாள் இரண்டாம் சாக்ஸபோன் கலைஞர் என்று உங்கள் எழுத்தர் டைப் அடித்திருக்கிறார். அந்த 'இரண்டாம்' என்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.